இளையாள் மலையைத் தாண்டும் முன்

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் என் மகள், பாயில் படுத்துக் கிடந்தவள், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள், கேட்ட சத்தம் அவள் வாயிலிருந்து வராமல் எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கிற மூத்தாள் மலையிலிருந்து வந்தது. "அம்மா, தண்ணி" என்று அந்த மலை கேட்டது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார், நான் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு அவளிடம் கொடுத்தேன். பிள்ளை தண்ணீர் கேட்டால் முதலில் கொடுக்கத்தானே வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தானே. அவள் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள், உதடு என் முன்னால் அசைந்தது, "இன்னும்" என்றது மலை.

எங்கள் ஊர் கீழ்க்கோம்பைக்கு மேலே இரண்டு மலை. முன்னால் நிற்பது மூத்தாள், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி பின்னால் நிற்பது இளையாள். ஒருத்தனையே கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் என்றும், பேச்சுவார்த்தை இல்லாததால்தான் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்தபடி நிற்கிறார்கள் என்றும் சொல்வார்கள். அடியிலிருந்து உச்சி வரை இரண்டும் காடு. மூத்தாள் வரைக்கும் கடுக்காய் பொறுக்கவும் சீமாறுப் புல் அறுக்கவும் நாங்கள் பெண்கள் போவோம். இளையாளுக்குத் தேன் எடுக்கிறவர்கள் தவிர யாரும் போவதில்லை. இளையாளுக்கு அந்தப் பக்கம் மலையே கிடையாது, ஒரே சரிவாக அறுந்து விழுந்து, கீழ்நாட்டு ரோடும் ஊர்களும் புகைமூட்டமாகத் தெரியும். அங்கே விழுந்த எதுவும் திரும்ப ஏறி வந்ததில்லை.

முதல் நாள், யாரோ ஒரு பிள்ளை காட்டில் தவறிப் போய்விட்டது என்றுதான் ஊர் நினைத்தது. என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமனான மருதை மாமா சில ஆண்களைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கி, எங்கள் வாசலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "தாத்தா, முள்ளு குத்திருச்சா?" என்று அவர் முதுகுக்குப் பின்னால் மலை கேட்டது. எல்லாரும் திரும்பி மலையைப் பார்த்தார்கள், மறுபடியும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இதுதானா," என்றார் மருதை மாமா. "நான் என்னமோ ஏதோன்னு பதறிப்போயிட்டேன். ஏ தவமணி, ஒரு சொம்பு தண்ணி குடு தாயி," என்றார் என்னிடம்.

அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கீழே டவுனுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்து, எல்லாம் நல்லாத்தானே இருக்கு, வலிக்குதா பாப்பா என்று கேட்டார். அவள் சொன்ன பதில் அந்த அறையில் கேட்கவில்லை. அன்றைக்கு மதியம் "வலிக்கல" என்று மூத்தாள் மலை சொன்னதாக ஊருக்குத் திரும்பி வந்ததும் சொன்னார்கள்.

ஊர் இதைச் சோறு வேகிற நேரத்தில் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அமலி டீச்சர் பேர் கூப்பிடும்போது என் மகள் முறைக்கு மட்டும் எழுந்துபோய் சன்னலைத் திறந்து வைத்தார்கள், "உள்ளேன் டீச்சர்" மலையிலிருந்து வந்து சேர்ந்ததும் சாத்திவிட்டு அடுத்த பேருக்குப் போனார்கள். அவள் வாய்ப்பாடு சொன்னால் ஊரே சேர்ந்து கேட்டது, ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூட இரண்டாம் வாய்ப்பாடு பாடமானது, தப்பாகச் சொன்னால் டீக்கடை பெஞ்சிலிருந்து "ஏய், பதினாலு" என்று மலையைப் பார்த்துத் திருத்தினார்கள். "அத்தை ஓடி வருது" என்று மலை சொன்னால் பஸ் கண்டக்டர் விசில் ஊதாமல் நின்றார். பால் திரிந்தது, கோழி முட்டையிட்டது, மேலத் தெருவில் பாம்பு போனது எல்லாம் மலைதான் சொன்னது. பிள்ளை பார்த்ததையெல்லாம் சொல்லும், மலை சொன்னதையெல்லாம் ஊர் கேட்கும், கேட்டதையெல்லாம் ஊர் நம்பும், அப்படி ஆகிப்போனது.

எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள், சத்தமாகப் பேசி அறியாதவள். நிறுத்தத்தில் இறங்கணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊர் வரைக்கும் பஸ்ஸில் போய் நடந்து திரும்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் நடக்கிறதெல்லாம் மலை மேல் ஏறி நின்று சொல்லும்படி ஆனது. "இன்னிக்கும் ரசந்தானாம்மா" என்று அது சொன்னால் சாயங்காலம் யாராவது கிண்ணத்தில் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மலை சொல்லுச்சு" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். "அம்மா ஏன் அழுவுற" என்று அது கேட்ட அன்றைக்கு என் நாத்தனார் பூவாயி அண்ணி இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றார்.

"ஏன்டி அழுத?"

"வெங்காயம் அரிஞ்சேன் அண்ணி."

"வெங்காயம் விக்கிற வெலைக்கு, நீ வெங்காயம் அரிஞ்ச," என்றார் அண்ணி. அதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்து என் மகளுக்குத் தலை சீவி விட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் போர் வண்டியில் இருக்கிறார். லாரியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்க் குழாய்க் கிணறு போடுகிற வேலை, மாசக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. ஒரு நாள் போன் பண்ணி "பாப்பாகிட்ட குடு" என்றார். கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள், போனுக்குள் ஒன்றும் போகவில்லை, "அப்பா எப்ப வர்ற" என்று மலை கேட்டது. "ஏன் பேச மாட்டேங்குது, கோவமா?" என்று அவர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார், அப்பா எப்ப வர்ற, அப்பா எப்ப வர்ற என்று மலை இங்கே கேட்டுக்கொண்டிருந்தது, ஊர் முழுக்க கைவேலையை விட்டுவிட்டு நின்றது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் மலையைப் பார்த்து, "வந்துருவான் கண்ணு, மழைக்கு முன்ன வந்துருவான்" என்றார்.

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்டது மருதை மாமா. மலைச்சரிவில் மரவள்ளி போட்டிருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டுப்பன்றிதான் எமன். மலையே பேச ஆரம்பித்ததும் பன்றிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "பொழுது சாயற நேரத்துல பாப்பாவ கொஞ்சம் பேச வெச்சுக்க தாயி," என்று சொல்லி வாசலில் கிழங்கைக் கொண்டுவந்து கொட்டினார். நானும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளை உட்கார வைத்து ஏதாவது கேட்பேன், அவள் சொல்வாள், பன்றிகள் ஓடும்.

ஆடி பிறந்ததும் சத்தம் சிறுத்தது. முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு அமலி டீச்சர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்க ஆரம்பித்தார்கள். தேன் எடுக்கப் போனவர்கள் வந்து, அது இப்போது மூத்தாளில் இல்லை, இளையாளுக்குப் போய்விட்டது, நாங்கள் பாறையடியில் நின்றபோது தலைக்கு மேலே கேட்டது என்றார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று ஒரு மதியம் வந்தது. என் மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் மூடியிருந்தது, அப்போது மலையில் அவள் சிரித்தாள். தனியாக, தனக்குத்தானே, என்னமோ வேடிக்கை பார்த்த மாதிரி சிரித்தாள். இவள் இல்லாமலே அது இருக்கப் பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் சரிவு. சரிவைத் தாண்டிவிட்டால் கீழ்நாட்டு இரைச்சலில் எந்தப் பஸ் ஹாரன், எது என் பிள்ளை என்று யார் பிரித்துச் சொல்வார்கள்.

நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னதும் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"பொம்பள ஒத்தையில எளையாளுக்குப் போவாளாடி?" என்றார் அண்ணி.

"கொண்டாந்துட்டா பன்னிய யாரு வெரட்டறது?" என்றார் மருதை மாமா. "நான் ஒண்ணு சொல்றேன். மூத்தாள் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு வந்துரு. அங்கயே இருக்கட்டும். ஊருக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு."

அது என்ன ஆட்டுக்குட்டியா மாமா, நடுவில் கட்டிப்போட்டுவிட்டு வர என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் உதட்டை அசைத்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்திக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டோம். நெடு நேரம் கழித்து, தூரத்தில் எங்கேயோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரி, "எனக்கு வேணும்" என்று வந்தது.

அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை, கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கிழங்கு ஏற்ற லாரி வருகிற நாள் என்றார்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். அண்ணி புளிச்சோறு கட்டிக் கொடுத்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். மூத்தாள் ஏறும்போது அவளுக்கு நடை குஷியாகத்தான் இருந்தது. மூங்கில் புதரைக் காட்டி, கடுக்காயைப் பொறுக்கிக் காட்டி, உதட்டை அசைத்துக்கொண்டே முன்னால் ஓடினாள், நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மேலே காது கொடுத்தேன். "அம்மா, அணிலு" என்று எப்போதோ வந்து சேரும்போது அந்த அணில் இருந்த மரத்தை நாங்கள் தாண்டி வந்திருப்போம். இண்டு முள் பாவாடையைப் பிடித்து இழுத்தது, எடுத்து விட்டேன். ஈரப் பாறையில் வழுக்கினாள், கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சூடாக, வேர்த்து, என் விரலை விடாமல் இருந்தது. எல்லாம் என் பக்கத்தில் இருந்தது, அது ஒன்றைத் தவிர.

மூத்தாள் உச்சியில் நின்று நான் இளையாளைப் பார்த்துக் கூப்பிட்டேன். "பாப்பா, ஏ பாப்பா" என்று கூப்பிட்டேன். என் தொண்டை சத்தத்துக்குப் பழகாதது, பாதியில் உடைந்தது. கண்ணு, சாமி, ஏ புள்ள, எல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு மலைக்கும் நடுவில் இருந்த காடு அதைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது.

என்னால் அதற்கு மேல் கூப்பிட முடியாது. என் மாமியார் பெயரைத்தான் இவளுக்கு வைத்திருக்கிறார்கள். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்களில் கிடையாது, சொன்னால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள். அப்பன் கூப்பிடலாம், அத்தை கூப்பிடலாம், டீச்சர் கூப்பிடலாம், பெற்றவள் மட்டும் கூப்பிடக் கூடாது. அதனால் பிறந்ததிலிருந்து எனக்கு அவள் பாப்பா. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பாப்பாதான், எல்லாப் பிள்ளைகளும் கண்ணுதான், எந்தப் பாப்பாவை யார் தேடுகிறார்கள் என்று அந்தக் காட்டுக்கு எப்படித் தெரியும்.

இரண்டு மலைக்கும் நடுவே இறங்கினோம். அங்கே வழி என்று ஒன்றும் இல்லை, இலைச் சருகு முழங்கால் வரை புதைந்தது, பகலிலேயே வெளிச்சம் பச்சையாக இருந்தது. மறுபடி ஏற ஆரம்பித்ததும் அவள் கால் துவண்டது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பாதி மலையில் என் தோளில் சாய்ந்திருந்தவள் எதையோ சொன்னாள், உதடு என் கழுத்தில் உரசியது. நான் நின்றேன். காத்திருந்தேன். காற்று வந்தது, ஒரு குருவி வந்து போனது, எறும்பு காலில் ஏறியது. அவள் சொன்னது வரவில்லை.

"மறுபடி சொல்லு சாமி."

சொன்னாள். வரவில்லை. அவள் வாயில் என் காதை வைத்து அழுத்தினேன், வெறும் மூச்சுத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மலை மேல் யாராவது ஓட முடியுமா, நான் ஓடினேன், விழுந்தேன், முட்டி பிளந்தது, எழுந்து ஓடினேன், செருப்பு எங்கே போனதோ தெரியாது, சேலை கிழிந்து முள்ளில் தொங்கியது, எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை, நில்லு நில்லு என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினேன். பேச்சு வராத பிள்ளையாகவே இருந்தால்கூட நான் வளர்த்துவிடுவேன். இது அப்படி இல்லை. அது எங்கேயோ இருந்துகொண்டு, என்னைக் கூப்பிட்டு, நான் கேட்காமல் போவேனே, அதை நினைத்துத்தான் ஓடினேன்.

இளையாள் உச்சியில் மரம் முடிந்து மொட்டைப் பாறை, பாறை முடிந்து ஒன்றுமில்லை. வெயில் சாய்ந்திருந்தது. கீழே ரோட்டில் வண்டிகள் எறும்பாகப் போயின, அதன் இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கும் ஏறி வந்தது. நான் விளிம்பில் நின்று "பாப்பா" என்று அலறினேன். திரும்பத் திரும்ப அலறினேன். ஒன்றும் இல்லை.

என் மகள் என் முந்தானையை இழுத்தாள். குனிந்து பார்த்தேன். அவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மறுபடியும் தொட்டுக் காட்டினாள். நான், நான் என்று.

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பார்க்காத மாமியாரைக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்தேன்.

"சிலம்பாயி!"

இரண்டு மலையும் அதை வாங்கி வாங்கிக் கொடுத்தன. கீழ்க்கோம்பை வரைக்கும் போயிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை மூச்சு இழுக்கும்போது, சரிவுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றில், ரொம்பத் தள்ளி, "யாரு?" என்று கேட்டது.

என் மகளைப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது.

"நான்தான்டி! அம்மா!"

கொஞ்ச நேரம் அது யோசித்தது. "எங்கம்மா இப்படிக் கத்தாது," என்றது.

சொல்லிவிட்டு அது போவது எனக்குக் கேட்டது. பிள்ளைகள் தெரியாத ஆளிடமிருந்து விலகிப் போவார்களே, அந்த மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனது. பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தத் தெம்பில்லை, எழத் தெம்பில்லை. இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முகம் வாடிப்போயிருந்தது. வீட்டில் கேட்கிற மாதிரியே, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "பசிக்குதா சாமி" என்றேன்.

"என்ன?" என்றது அது.

முணுமுணுப்பு நின்றிருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. சோற்று மூட்டையைப் பிரித்தேன். "புளிச்சோறு இருக்கு. வடாம் நமுத்துப்போச்சு," என்றேன், முன்னைவிட மெதுவாக.

"கேக்கல." இப்போது சரிவின் விளிம்பில்.

எனக்குப் புரிந்துவிட்டது. குரலை ஏற்றவில்லை. இன்னும் இறக்கினேன். "செவப்புப் பாவாடைக்கு நாடா மாத்தணும். நாளைக்குத் தலைக்கு ஊத்தி விடறேன்."

"கேக்கலம்மா." பாறை இடுக்கில் வளைந்து நின்ற மரத்திலிருந்து வந்தது. அம்மா என்று சொன்னது.

"பூனை குட்டி போட்டிருக்கு, பரண்ல. நீ வந்தா காட்டறேன்." இதை மூச்சில் பாதி, வார்த்தையில் பாதியாகச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் "என்னது, என்னது" என்று அவசரமாகக் கேட்டது. நான் திரும்பவில்லை. கடைசியில் சத்தமே இல்லாமல் வெறும் உதட்டை மட்டும் அசைத்தேன், இத்தனை மாதமாக அவள் என்னிடம் பேசின மாதிரியே. என்ன சொன்னேன் என்று எனக்கும் தெரியாது.

"சத்தமாச் சொல்லும்மா. ஒண்ணுமே கேக்கல," என்றாள் என் மகள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

நாங்கள் சாப்பிட்டோம். இறங்கும்போது நான் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டு வந்தேன், கொஞ்சம் உரக்கப் பேசினால் பயந்து பறந்துவிடுமோ என்று பயம். அவளும் என் காதருகே கிசுகிசுத்தாள். கால் வலிக்குது என்றாள், தூக்கு என்றாள், ஒவ்வொன்றும் சொன்ன இடத்திலேயே கேட்டது. முட்டியில் ரத்தம் காய்ந்து இறுகி ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போனது, அது எனக்குப் பெரிதாக இல்லை.

பொழுது இறங்குகிற நேரம் மூத்தாள் அடிவாரத்தில் ஊர் நின்றிருந்தது. அமலி டீச்சர், டீக்கடைக்காரர், எல்லாருக்கும் முன்னால் பூவாயி அண்ணி. யாரும் கிடைத்ததா என்று கேட்கவில்லை. அண்ணியின் முகம் இறுகிக் கிடந்தது.

"எங்கம்மா பேர மலை மேல நின்னு கூப்ட்டியாடி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாடே கேட்டுச்சு. செத்தவ பேர, மருமவ வாயால. கூப்ட்டியா இல்லியா, சொல்லு."

என் கிழிந்த சேலைக்குப் பின்னாலிருந்து என் மகள் தலையை நீட்டினாள்.

"அது எம்பேரு அத்தை," என்றாள்.

ஒரு சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சத்தம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. பழக்க தோசத்தில் பாதிப் பேர் திரும்பி மலையைப் பார்த்தார்கள், மலை பேசாமல் இருந்தது. அண்ணி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். மருதை மாமா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பன்றிக்கு நெருப்புப் போட இடுப்பில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிக்கொண்டு மரவள்ளிக் காட்டுப் பக்கம் நடந்தார். பின்னால் நின்றவர்களுக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை. என்ன சொன்னா, பாப்பா என்ன சொன்னா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு, ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று கிட்டே கிட்டே வந்துகொண்டிருந்தார்கள்.